முதுகில் சுமக்கும் விறகடுப்பு: பனிக் கூடாரத்துக்கு எதை வாங்குவது?

வெள்ளவத்தையில் மின்விசிறியை ஐந்தாம் இலக்கத்தில் சுழலவிட்டுக்கொண்டு, பனிக் கூடாரத்துக்குள் வைக்கும் விறகடுப்பைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இரவு 23 பாகைக்கு இறங்கினாலே போர்வை தேடுகிற ஊர் இது. ஆனால் கொழும்பில் பாதித் தமிழ் வீடுகளுக்கு ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ ஓர் உறவு இருக்கிறது. "பெப்ரவரியில வா, பனிக்காட்டுக்குள்ள கூடாரம் அடிப்பம்" என்று அவர்கள் கூப்பிட்டதும் இங்கே ஒருவர் இணையத்தில் அடுப்புத் தேடத் தொடங்குகிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒன்ராறியோவில் மச்சானோடு இரண்டு குளிர்காலம் போய்வந்தாயிற்று. முதல் தடவை கொண்டுபோனது பிழையான அடுப்பு.

கொழும்பில் இருப்பவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்த அடுப்பைத் தொட்டுப் பார்த்து வாங்க இங்கே கடை இல்லை. படத்தைப் பார்த்து, காசு அனுப்பி, வந்ததும் பிழையென்று தெரிந்தால் திருப்பி அனுப்பும் செலவே பாதி விலையாகிவிடும். ஆகவே தாளில் கணக்குப் போட்டு முடித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். நான் எந்த வரிசையில் யோசித்திருக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அடுப்பு இதில் மூன்றாவதாகத்தான் வரும்.

முதலில், உண்மையிலேயே வேண்டுமா?

ஹோட்டன் சமவெளிக்குப் போகத்தான் யோசிக்கிறீர்கள் என்றால் வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, சனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும் இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தேசிய பூங்கா. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியோடு, ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டும்தான் கூடாரம். அங்கே விறகு பொறுக்குவது சட்டப்படி குற்றம், காய்ந்த பத்தனைப் புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. அந்தக் குளிருக்கு நல்ல உறங்குபையும் கம்பளித் தொப்பியும் போதும். நுவரெலியா, நக்கிள்ஸ் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இரவு சுழியத்துக்குக் கீழே 10, 15, 20 பாகை என்று இறங்கும் இடத்தில்தான் இந்த அடுப்புக்கு வேலை. அங்கேயும் அது என்ன தரும், என்ன தராது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் காசைக் கொட்ட வேண்டாம். சனவரியில் ஒன்ராறியோக் காட்டில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். படுக்கைக்குப் போகும் வரை நாலைந்து மணித்தியாலம் இருக்கிறது. அந்த நேரத்தில் கையுறை இல்லாமல் உட்கார்ந்து கதைக்கலாம், வியர்வையில் நனைந்த காலுறையைக் காயவைக்கலாம், பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கலாம். கடைசி வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பனிக்கட்டியை அதே சுழியப் பாகைத் தண்ணீராக மாற்ற ஆகும் வெப்பம், அந்தத் தண்ணீரைச் சுழியத்திலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கப் போதும். இரண்டு பேருக்குக் குடிக்க, சமைக்க, மறுநாள் போத்தலில் நிரப்ப என்று தண்ணீர் எடுத்தால், வாயு அடுப்பின் சிலிண்டர் எவ்வளவு கெதியாகத் தீரும் என்று யோசித்துப் பாருங்கள்.

தராதது, இரவு முழுவதற்குமான சூடு. சின்ன அடுப்பில் ஒரு தடவை வைத்த விறகு முக்கால் மணித்தியாலம் எரிந்தால் பெரிய காரியம். "கனமான அடுப்பு என்றால் சூட்டைப் பிடித்து வைத்திருக்குமே" என்று மச்சான் வாதாடினான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோ டைட்டேனியம் 400 பாகையிலிருந்து 20 பாகைக்கு ஆறும்போது விடும் வெப்பம் ஏறக்குறைய 200 கிலோயூல். நன்கு காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15,000 கிலோயூல் தரும். அப்படியென்றால் அந்த அடுப்பு பிடித்து வைத்திருப்பது 13 கிராம் விறகின் சூடு, ஒரு சின்னச் சிரட்டைத் துண்டுதான். பத்துக் கிலோ இரும்பு அடுப்பை இழுத்துக்கொண்டு போனாலும் 130 கிராம் விறகைத் தாண்டாது. ஆகவே உறங்குபையை அந்த இடத்தின் மிகக் குளிரான இரவுக்கு, அடுப்பே இல்லை என்று வைத்து வாங்குங்கள். "அடுப்பு இருக்குத்தானே, பையைக் கொஞ்சம் மெல்லிசாக எடுப்போம்" என்று நினைப்பவர் விடியற்காலை மூன்று மணிக்கு விறகு வெட்டிக்கொண்டிருப்பார். அது நான்தான்.

இன்னொன்றையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்: சாமானை முதுகில் சுமப்பீர்களா, பனிச்சறுக்கு வண்டியில் இழுப்பீர்களா? கனடாவில் பலர் நீண்ட மரச் சறுக்கில் கன்வஸ் கூடாரமும் இரும்பு அடுப்பும் ஏற்றி உறைந்த ஏரிமேல் இழுத்துப் போவார்கள். உங்கள் உறவினரும் அந்த வகையென்றால் இந்தக் கட்டுரையின் கிராம் கணக்கை விட்டுவிடுங்கள். தடித்த இரும்பு அடுப்பு விலையும் குறைவு, பாடும் குறைவு.

கூடாரத்தை அளந்து பாருங்கள்

அடுப்பைத் தேர்வதற்கு முன் கூடாரத்தைத் தீர்மானிக்க வேண்டும். குழாய் வெளியேறுவதற்காகவே தைக்கப்பட்ட தீத்தடுப்புத் துணி வளையம் கூடாரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழைத் துணி. சிலிக்கோன் பூச்சு தொடர்ச்சியாகத் தாங்குவது ஏறக்குறைய 260 பாகை. அதே நேரம் அடுப்பின் வாயருகே குழாய் 400, 500 பாகைக்குப் போய் மங்கலாகச் சிவக்கும். மேலே போகப் போகத்தான் குழாய் ஆறும். ஆகவே அடுப்பின் தலைக்கும் அந்த வளையத்துக்கும் இடையே எவ்வளவு குழாய் கூடாரத்துக்குள்ளேயே நிற்கிறதோ அவ்வளவுக்குத் துணிக்கும் நல்லது, உங்களுக்கும் சூடு. உட்பக்கத்தில் ஒரு மீற்றராவது குழாய் நிற்கிற கூடாரத்தைத்தான் நான் வாங்குவேன்.

வளையம் இல்லாத கூடாரத்தை வெட்டித் தைக்கலாமா? கூரான பிரமிட் வடிவக் கூடாரம், தரைத்துணி இல்லாதது, கையில் நல்ல தையற்காரர் என்றால் செய்யலாம். வளையத் துணி தனியாகவும் விற்கிறார்கள். ஆனால் வழமையான இரண்டடுக்குக் குவிமாடக் கூடாரத்தில் கை வைக்க வேண்டாம். அதன் உயரம் போதாது, உட்துணி அடுப்பை உரசிக்கொண்டு நிற்கும். இலகு கூடாரங்களின் நைலோன் 220 பாகையளவிலேயே உருகத் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

நீள அகலத்தைத் தரையில் சோக்கட்டியால் வரைந்து பாருங்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2.7 மீற்றர்ச் சதுரம் ஒன்றைக் கீறி, இரண்டு பாய் விரித்து, ஒரு பிஸ்கட் ரின்னை அடுப்பாக வைத்துப் பார்த்தேன். அடுப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை மீற்றர் விட்டதும் நான் படுக்க வேண்டிய இடத்தில் என் கால்தான் கொள்ளும் என்று விளங்கியது. இணையப் படங்களில் இந்தச் சதுரம் தெரியாது. "நாலு பேர்" என்று போட்டிருக்கும் கூடாரத்தில் அடுப்பு வைத்தால் இரண்டு பேர், அவ்வளவுதான்.

அடுப்பின் வயிறு எவ்வளவு?

விற்பவர்கள் லீற்றரில் சொல்வார்கள். நீங்கள் உட்பக்க நீளத்தைப் பாருங்கள். அந்த நீளம்தான் நீங்கள் எத்தனை தடவை வாள் இழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. 20 செ.மீ. அடுப்புக்கு ஒரு கிளையைப் பத்தாக வெட்டினால், 40 செ.மீ. அடுப்புக்கு ஐந்தாக வெட்டினால் போதும். என் முதல் அடுப்பு 20 செ.மீ. படத்தில் அழகாக இருந்தது. எடையும் 700 கிராம் மட்டுமே என்று பெருமைப்பட்டேன். இரவு ஏழு மணிக்கு, தோள் மரத்துப்போய், தலைவிளக்கு வெளிச்சத்தில் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தபோது பெருமை போய்விட்டது.

எங்கள் அனுபவத்தில் இரண்டு பேருக்கான அடுப்பு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விறகு தின்னும். மாலை நாலு, காலை ஒன்று என்று ஐந்து கிலோ. மணிக்கட்டுத் தடிப்பில் 25 செ.மீ. துண்டு ஒன்று கால் கிலோ வரும், ஆக ஒரு இரவுக்கு இருபது துண்டு. கூடாரம் அடித்து, பனியை மிதித்துச் சமப்படுத்தி, அதற்குப் பிறகுதான் இந்த இருபதும்.

இரண்டு பேர், 4 கன மீற்றர் அளவான பிரமிட் கூடாரம் என்றால் 30 × 18 × 18 செ.மீ. நல்ல அளவு, ஏறக்குறைய 10 லீற்றர். தனியாகப் போகிறவர் 25 செ.மீ. நீளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதைவிடச் சின்னதை விளையாட்டுச் சாமான் என்றே சொல்வேன். பெரிதும் வேண்டாம். சின்னக் கூடாரத்தில் பெரிய அடுப்பு என்றால் சூடு தாங்காமல் காற்றை அடைத்து மந்தமாக எரிய விடுவீர்கள், மந்தமாக எரிந்தால் குழாயெல்லாம் கீல் படியும்.

உலோகம்

மூன்றுதான் தெரிவு: டைட்டேனியம், துருப்பிடியா உருக்கு, சாதாரண இரும்புத் தகடு. ஒரு கன செ.மீ. டைட்டேனியம் 4.5 கிராம், உருக்கும் இரும்பும் 8 கிராம் அளவு. மேலே சொன்ன 30 × 18 × 18 பெட்டியின் மேற்பரப்பு ஏறக்குறைய 2,800 சதுர செ.மீ. அரை மில்லிமீற்றர் டைட்டேனியத்தில் அது 630 கிராம், அதே தடிப்பு உருக்கில் 1.1 கிலோ, ஒரு மில்லிமீற்றர் இரும்பில் 2.2 கிலோ. கதவு, கால், பிணைச்சல் எல்லாவற்றுக்கும் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். விற்பவர் சொல்லும் எடை இந்தக் கணக்கைவிட மிகக் குறைவாக இருந்தால் தகடு மெல்லியது, அல்லது குழாயை எடையில் சேர்க்கவில்லை. இரண்டாவது தந்திரம்தான் அடிக்கடி நடக்கிறது.

டைட்டேனியத்தின் குறை விலை மட்டுமல்ல. இரும்பைப்போல அது சூட்டைக் கடத்துவதில்லை. அதனால் நெருப்புப் படும் இடம் மட்டும் சிவந்து தகடு வளையும். வளைவதால் அடுப்பு கெட்டுவிடாது, ஆனால் கழற்றிப் பூட்டும் வகையில் பலகைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். 0.4 மி.மீ.க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். மேல்தட்டிலும் பக்கங்களிலும் மடிப்பு வரி அழுத்தியிருந்தால் நல்லது.

கொழும்புக்காரருக்கு ஒரு மேலதிகக் கவலை, உப்புக்காற்று. காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருப்பவர் வீட்டில் கதவுப் பிணைச்சலே இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும். வருடத்தில் பதினொரு மாதம் அலுமாரியில் கிடக்கப்போகும் சாமான் இது. இரும்புத் தகடு வாங்கினால் எண்ணெய் பூசி, பிளாஸ்டிக்கில் கட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையும் போட்டு வைக்க வேண்டும். துருப்பிடியா உருக்கோ டைட்டேனியமோ இந்த ஊருக்கு நிம்மதி.

இனி, "நாமே செய்தால் என்ன?" பழைய சோனகத் தெருவில் தகடு கிடைக்கும், வெட்டி மடித்துத் தரவும் ஆள் இருக்கிறது. எனக்கும் ஆசை வந்தது. ஒரு தகர வேலைக்காரரிடம் குழாய் மட்டும் செய்யக் கொடுத்தேன். என்ன தகடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர் வழமையாகப் பீலிக்குப் பாவிக்கும் நாகம் (சிங்க்) பூசிய தகட்டில் அழகாகச் செய்து தந்தார். மாடியில் வைத்து எரித்தபோது குழாயின் அடியில் பூச்சு வெந்து மஞ்சளும் வெள்ளையுமாக மாறி ஒரு நெடி வந்தது. நாகம் 420 பாகையளவில் உருகும். அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் நாக ஒட்சைட்டுப் புகையை மூச்சில் எடுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும், உலோக ஒட்டுவேலை (வெல்டிங்) செய்பவர்கள் நன்றாக அறிந்த வருத்தம் அது. குழாய் பழைய இரும்புக்குப் போய்விட்டது. செய்விக்கத்தான் வேண்டும் என்றால் 304 வகைத் துருப்பிடியா உருக்கு, 0.5 அல்லது 0.6 மி.மீ. என்று எழுதியே கொடுங்கள். டைட்டேனியத்தை இங்கே ஒட்டுவிக்க நினைக்க வேண்டாம். ஆர்கன் வாயுவின் காவலில் செய்ய வேண்டிய வேலை அது.

குழாய்தான் அடுப்பின் உயிர்

அடுப்பைப் பற்றி நூறு கேள்வி கேட்பவர்கள் குழாயைப் பற்றிக் கேட்பதில்லை. புகையை இழுப்பதும் அடுப்புக்குள் காற்றை வரவழைப்பதும் குழாயின் உயரமும் சூடும்தான். குழாயின் நுனி கூடாரத்தின் உச்சிக்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று திரும்பும்போது புகை உள்ளே வரும். 1.6, 1.7 மீற்றர் உயரக் கூடாரத்துக்கு 2.1 மீற்றர் குழாய் நியாயமானது. விட்டம் 6 முதல் 7 செ.மீ.

முதுகுப்பைக்காரருக்குச் சரியானது சுருட்டும் குழாய். 0.1 மி.மீ. டைட்டேனியத் தகடு கடதாசிபோலச் சுருண்டு 25 செ.மீ. உருளையாகிப் பைக்குள் போய்விடும். 2.1 மீற்றருக்கு எடை 240 கிராம், சுருள் விரியாமல் இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையங்களோடு 300. அதே தடிப்பு உருக்கில் 420 கிராம். துண்டு துண்டாகப் பூட்டும் அரை மில்லிமீற்றர் உருக்குக் குழாய் என்றால் 1.7 கிலோ, அதாவது அடுப்பைவிடக் கனம். எடையைக் குறைக்க இவ்வளவு மலிவான இடம் இந்தச் சாமானில் வேறில்லை. உடல் உருக்கு, குழாய் சுருள் டைட்டேனியம் என்று கலந்து வாங்குவதைத்தான் கையில் அதிகம் காசு இல்லாதவருக்குச் சொல்வேன். குழாய்களைத் தனியாகவும் விற்கிறார்கள், விட்டம் மட்டும் பொருந்த வேண்டும்.

ஆனால் சுருள் குழாய் பழகும் வரை எதிரி. முதல் தடவை அகலப் பக்கமாகச் சுருண்டு கிடக்கும் தகட்டை நீளப் பக்கமாகச் சுருட்ட வேண்டும். அது ஒத்துக்கொள்ளாது. சுருட்டச் சுருட்ட விரியும், ஓரம் சவர அலகுபோல வெட்டும். தடித்த தோல் கையுறை கட்டாயம், கூட ஒரு ஆளும் வேண்டும். நானும் என் தங்கையும் மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினோம். வளையங்களை மாட்டி ஒரு மணித்தியாலம் பலமாக எரித்த பிறகு தகடு அந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. இரண்டாம் தடவை தானாகவே சுருளும். இந்த முதல் சுருட்டலை ஒருபோதும் பனியில், இருட்டில், விறைத்த விரலோடு செய்ய நினைக்காதீர்கள்.

நுனியில் பொறிதடுக்கும் வலை வேண்டும். அது இல்லாவிட்டால் கூடாரத்தின் கூரை ஒரே இரவில் சல்லடையாகும். வலை மிக நுணுக்கமாக இருந்தால் கரியும் கீலும் அடைத்துப் புகை உள்ளே திரும்பும். ஒவ்வொரு மாலையும் பற்ற வைக்கும் முன் ஒரு குச்சியால் தட்டிவிடுங்கள். குழாயைக் காற்றில் நிறுத்திப் பிடிக்க மூன்று மெல்லிய உருக்குக் கம்பி இழுவையும் வாங்க வேண்டும், நைலோன் கயிறு உருகிவிடும்.

சின்னச் சின்ன உறுப்புகள்

கதவில் கூட்டிக் குறைக்கும் காற்றுத் துவாரம் இருக்க வேண்டும். குழாயின் அடியில் திருகும் தடுப்புத் தட்டு நல்லது, ஆனால் முழுவதும் மூடிவிடாதபடி அதில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மேல்தட்டு தட்டையாக, ஒரு கேத்தல் வைக்கக்கூடியதாக இருக்கட்டும். கண்ணாடிக் கதவு பார்க்க அழகு, முதுகில் சுமக்க முட்டாள்தனம்.

கால்கள் 15 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். அப்படியிருந்தாலும் பனியில் வெறுமனே வைத்தால் அடுப்பு தன் கிணற்றைத் தானே தோண்டிக்கொண்டு சாயும். தரை வரை பனியை வாரி எடுங்கள், முடியாவிட்டால் இரண்டு பச்சைக் கட்டைகளைக் குறுக்கே போட்டு மேலே வையுங்கள்.

எல்லாவற்றையும் தராசில் வையுங்கள்

எங்கள் இரண்டாவது பயணத்தின் கணக்கு: டைட்டேனிய அடுப்பு 900 கிராம், சுருள் குழாயும் வளையமும் வலையும் 350, மடிக்கும் வாள் 250, கையுறை 150, நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி 120. ஏறக்குறைய 1.8 கிலோ. வாளையும் கையுறையையும் சேர்க்காமல் "என் அடுப்பு ஒரு கிலோ" என்று சொல்பவர்கள் தங்களைத்தான் ஏமாற்றுகிறார்கள். இதை இருவராகப் பிரித்தால் ஆளுக்கு 900 கிராம். ஒரே இரவுப் பயணத்துக்கு இது கட்டுபடியாகாது, அந்த எடைக்கு இறகு அங்கியொன்று கொண்டுபோவேன். மூன்று இரவுக்கு மேல் போனால், காய்ந்த காலுறைக்கும் மிச்சமாகும் வாயுவுக்கும் அடுப்பு தன் கூலியைக் கொடுத்துவிடுகிறது.

அமெரிக்காவின் சீக் அவுட்சைட், கிஃபாரு, சீனாவின் போமோலி என்று இலகு அடுப்புச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். எதை வாங்கினாலும், கொழும்புக்கு வரவழைப்பதா, அங்கே உறவினர் வீட்டுக்கு அனுப்புவதா என்பதை யோசியுங்கள். அங்கே அனுப்புவது மலிவு, சுங்க வேலையும் இல்லை. ஆனால் மேலே சொன்ன முதல் சுருட்டலையும் முதல் எரிப்பையும் பயணத்துக்கு முந்தைய நாள் மச்சானின் வீட்டுப் பின்வளவில் செய்ய வேண்டிவரும். நான் இங்கே வரவழைத்து, பழகி, பெட்டியில் போட்டுக் கொண்டுபோனேன். விறகடுப்பில் எரிபொருள் எதுவும் இல்லை என்றாலும் கரியும் புகை மணமும் சோதனையில் கேள்வி கிளப்பும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, சரக்குப் பெட்டிக்குள் வையுங்கள், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேளுங்கள். வாளும் சரக்குப் பெட்டிக்குள்தான்.

கொழும்பில் ஒத்திகை

முதல் எரிப்பு திறந்த வெளியில்தான். தகட்டில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், நாறும். மாடியில் நான் பற்ற வைத்துப் பத்து நிமிடத்தில் மேல்வீட்டு அக்கா படியில் நின்று "தம்பி, என்ன எரியுது? உடுப்புக் காயப்போட்டிருக்கிறன்" என்றார். அயலவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இங்கே கடைகளில் கட்டாகக் கிடைப்பது பெரும்பாலும் றப்பர் விறகு. அது போதும். பற்ற வைக்கப் பன்னாடை, காய்ந்த பாளை. சிரட்டையை வாரிப் போடாதீர்கள். மெல்லிய டைட்டேனியத்துக்கு அதன் சூடு அதிகம், என் மேல்தட்டின் முதல் வளைவு சிரட்டை தந்ததுதான். அப்புறம், கண்ணைக் கட்டிக்கொண்டு, தோட்டக் கையுறையோடு அடுப்பைப் பூட்டிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அங்கே விரலின் நிலைமை அப்படித்தான் இருக்கும். முடிந்தால் கந்தப்பளைப் பக்கம் தெரிந்தவர் மரக்கறித் தோட்டம் இருந்தால், உரிமையாளரின் அனுமதியோடு கூடாரத்துக்குள் ஓர் இரவு ஒத்திகை பாருங்கள்.

மூச்சு

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். ஒரு கிலோ விறகு முழுதாக எரியக் குறைந்தது 5 கன மீற்றர் காற்று வேண்டும், சின்ன அடுப்பு நடைமுறையில் அதைப்போல இரண்டு மடங்கு இழுக்கும். உங்கள் கூடாரத்துக்குள் இருப்பதே 4 கன மீற்றர். அப்படியென்றால் மணித்தியாலத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாரத்தின் காற்று முழுவதும் மாற வேண்டும். கீழ் ஓரத்தில் ஒரு சாண் திறந்திருக்கட்டும், உச்சியின் காற்றுவழியும் திறந்திருக்கட்டும். குளிருகிறது என்று ஓரத்தைச் சுற்றிப் பனியை அணைத்து மூடினால் அடுப்பு மூச்சுத் திணறும், அடுத்தது நீங்கள்.

விறகு அரைகுறையாக எரியும்போது வரும் நச்சுவாயு காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, தலைசுற்று, ஓங்காளம் என்று தொடங்குவதால் நடந்த களைப்பு என்றே நினைப்பீர்கள். குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்து உறங்கி, விடிய எழும்பாதவர்களின் செய்தி நம் மலையகத்திலிருந்தும் வந்திருக்கிறது. கொழுந்துவிட்டு எரியும்போது குழாய் சூடாக இருந்து நன்றாக இழுக்கும். ஆபத்து அதற்குப் பிறகுதான்: சுவாலை அடங்கி, தணல் மட்டும் மிஞ்சி, குழாய் ஆறி, இழுவை குறையும் நேரம். தணல்தான் அந்த வாயுவை அதிகம் விடுகிறது, நீங்கள் கண்ணயர்வதும் அப்போதுதான். ஆகவே கடைசி விறகு முழுவதும் எரிந்து சாம்பலாகும் வரை ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் கூடாரத்துக்குள் பற்ற வைக்கவே வேண்டாம். ஐரோப்பிய ஈ.என். 50291 தரத்தில் இரண்டாம் பகுதி, படகுக்கும் பயண வண்டிக்கும் உரியது, குலுக்கலைத் தாங்கும், அதையே தேடுங்கள். அந்தத் தரப்படி பத்து இலட்சத்தில் 50 பங்கு வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 பங்கானால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கானால் 3 நிமிடத்துக்குள்ளும் அது கத்த வேண்டும். எத்தனை பாகைக் குளிர் வரை வேலை செய்யும் என்று பெட்டியில் போட்டிருக்கும், வாசியுங்கள். பகலில் அதை அங்கியின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்து, மாலையில் படுக்கும் தலைமட்டத்தில் மாட்டுங்கள். கத்தினால் யோசிக்க வேண்டாம். முதலில் வெளியே, சப்பாத்து அதற்குப் பிறகு.

அங்கே போனபின் விறகு

நின்றபடியே பட்டுப்போன மரம்தான் வேண்டும். விழுந்து பனிக்குள் கிடப்பது ஈரம். கிளையை முறித்தால் "டக்" என்று ஒடிய வேண்டும், வளைந்தால் விட்டுவிடுங்கள். பேர்ச் மரத்தின் உரிந்து தொங்கும் பட்டை, எண்ணெய்ப் பசையால் ஈரத்திலும் பற்றும், நம் பன்னாடையின் அண்ணன். ஸ்ப்ரூஸ், பைன் கெதியாகச் சூடு தரும், மேப்பிள் நின்று எரியும். உயிர் மரத்தில் வாளை வைக்காதீர்கள், அந்த வனத்தில் எதை எடுக்கலாம் என்ற விதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரொறன்ரோவிலிருந்து காரில் விறகு ஏற்றிப் போகவும் வேண்டாம். 2002இல் ஒன்ராறியோவில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு, ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருக்கிறது, அது ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் விறகோடுதான். போகும் இடத்துக்கு அருகிலேயே வாங்குங்கள்.

படுக்கும் முன் மறுநாள் காலைக்கான சுள்ளி, பட்டை, விரல் தடிப்பு விறகு எல்லாவற்றையும் அடுப்பு ஆறியபின் அதன் வயிற்றுக்குள்ளேயே அடுக்கிவிடுங்கள். கேத்தலிலும் தண்ணீரை நிரப்பி மேலே வையுங்கள், உறைந்தாலும் பரவாயில்லை. விடிய உறங்குபையை விட்டு எழும்பாமலே, ஒரு கையை மட்டும் நீட்டித் தீக்குச்சி கிழித்தால் போதும். மச்சான் கண் திறக்கும்போது பிளேன் டீ கொதித்துக்கொண்டிருக்கும். சீனி மட்டும் அவனுடைய பையின் அடியில்தான் எப்போதும் இருக்கும்.